ஆற்று பைலட் ஆவது எப்படி, அந்த இடம் யாருக்குக் கிடைக்கிறது

2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டத்தில் 111 நீர்வழிகள் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் பவானி ஆறு 20-ஆவது, காவிரி–கொள்ளிடம் 55-ஆவது. பட்டியலில் ஏறிவிட்டது என்பதற்காகக் காலிங்கராயன் அணைக்கட்டையும் கொடிவேரியையும் தாண்டி எந்தச் சரக்குக் கப்பலும் பவானிசாகருக்கு வரப்போவதில்லை. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே கதவணைத் தேக்கத்தில் ஓடும் விசைப்படகு, ஒகேனக்கல் பரிசல், காவிரிக்கரையில் மிச்சமிருக்கும் சில பரிசல் துறைகள்: நம்ம பக்கத்து ஆற்றுப் போக்குவரத்து இவ்வளவுதான். ஆனாலும் ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கமிருந்து மெர்ச்சன்ட் நேவிக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் கடலில் கழித்தபின், இனி ராத்திரி வீட்டில் படுக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களின் கண் முதலில் போவது பைலட் வேலை மேல்தான். அதற்கு எப்படிப் போவது என்பது ஒரு கேள்வி. போகிறவர்களை யார், எதை வைத்துப் பொறுக்குகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை.

துறைமுகத்துக்கு வெளியே கப்பலில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, அந்த ஊர்த் தண்ணீரில் கப்பலை நடத்திக் கொடுப்பவர் பைலட். அவர் ஏறியபிறகும் கேப்டனின் பொறுப்பு நீங்காது; பனாமா கால்வாய் போன்ற ஓரிரு இடங்கள்தான் விலக்கு. இந்தியாவில் 1908-ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட துறைமுகங்களில் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல் பைலட்டோ துறைமுக மாஸ்டரோ இல்லாமல் உள்ளே வரவோ வெளியே போகவோ இடம் மாறவோ கூடாது என்றது. 2025-இல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதியது வந்துவிட்டது.

சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஒரு கப்பலைத் துறையில் சேர்த்துக் கட்டிவிட்டுப் பைலட் ஓரிரு மணி நேரத்தில் கரையேறிவிடலாம். ஆற்றில் அது நடக்காது. கொல்கத்தா துறைமுகத்துக்கு, கடலில் சாண்ட்ஹெட்ஸ் என்ற இடத்திலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் பைலட்டேஜ், அதாவது பைலட் கப்பலை நடத்த வேண்டிய தூரம். ஹால்டியாவுக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இதில் ஒரு பகுதி திறந்த கடல், மீதி ஹூக்ளி ஆறு.

அந்த ஆற்றில் மணல் ஓரிடத்தில் நிற்காது. தாமோதரும் ரூப்நாராயணும் வந்து சேரும் இடத்தருகே உள்ள மணல்திட்டுக்கு, 1694-இல் அங்கே மூழ்கிய ஒரு கப்பலின் பெயரால் ஜேம்ஸ் அண்ட் மேரி என்று பெயர். ஆற்றில் படியும் வண்டலைத் தள்ளிவிடத்தான் 1975-இல் ஃபராக்கா தடுப்பணையைத் திறந்து, விநாடிக்கு 40,000 கன அடி வரை ஹூக்ளிப் பக்கம் திருப்பத் திட்டமிட்டார்கள். அப்படியும் ஆழம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. எந்தத் தேதியில் எவ்வளவு டிராஃப்ட் (தண்ணீருக்குள் அமர்ந்திருக்கும் ஆழம்) உள்ள கப்பல் ஏறலாம் என்று துறைமுகம் முன்கூட்டியே கணக்குப் போட்டு வெளியிடுகிறது. கடல் ஏற்றத்தைப் பிடித்து மணல்மேட்டைத் தாண்ட வேண்டும். நேரம் தவறினால் நங்கூரமிட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும்; அல்லது தரைதட்டும்.

பைலட் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு எளிதானதில்லை. உப்புத் தண்ணீரில் 8 மீட்டர் ஆழம் அமர்ந்திருக்கும் கப்பல் நல்ல தண்ணீருக்குள் வந்ததும், சரக்கு ஒரு கிலோ கூடாமலே, 15 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். ஆற்று நீரின் அடர்த்தி குறைவு. ஓடும் வேகத்தாலும் கப்பல் இறங்கும். ஸ்க்வாட் என்று பெயர். வேகம் இரட்டிப்பானால் இந்த இறக்கம் நாலு மடங்காகும். பெட்டி போல் பருத்த உடலுள்ள ஒரு சரக்குக் கப்பல் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்தில் விரிந்த நீரில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் இறங்கும். இருபுறமும் நெருக்கும் வாய்க்காலில் அதைப்போல் இருமடங்கு. கரையை ஒட்டிப் போனால் கப்பலின் பின்பக்கம் கரையை நோக்கி இழுபடும், மூக்கு நடு ஆற்றைப் பார்த்துத் திரும்பும். புதிய ஆள் பதறிப்போய்ச் சுக்கானை எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பிவிடுவார். வேகத்தைக் குறைத்தபிறகு செய்ய வேண்டியதை முழு வேகத்தில் செய்ததால் எதிர்க்கரையில் ஏறிய கப்பல்கள் உண்டு.

இதற்கெல்லாம் முன்பாக ஏணி. ஓடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் பைலட் ஏற வேண்டும். சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதிப்படி அந்த ஏற்றம் 9 மீட்டரைத் தாண்டினால் பக்கவாட்டுப் படிக்கட்டையும் சேர்த்துக் கட்டித் தர வேண்டும். பல கப்பல்களில் கயிறு நைந்திருக்கும், படி சாய்ந்திருக்கும், டெக்கில் சரியான இடத்தில் கட்டியிருக்க மாட்டார்கள். பைலட்டுகள் சாவதில் பெரும்பங்கு இந்த ஏணியால்தான் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் உடல் தகுதியை அளவுகோலாக வைப்பதில் அநியாயம் ஏதுமில்லை. கண், நிறம் பிரித்தறிதல், காது, இதயம், தோள்வலு எல்லாம் வேலையோடு நேரடியாக ஒட்டியவை.

இத்தகைய அறிவு புத்தகத்தில் பாதிதான் இருக்கும். மீதியை, தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பெற வேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் ஹூக்ளிக்கு இருந்த பழைய வங்கப் பைலட் சேவையில் வரிசை இப்படி: முதலில் ஆழம் பார்க்கும் லெட்ஸ்மன் அப்ரென்டிஸ், பிறகு மேட் பைலட், மாஸ்டர் பைலட், கடைசியில் பிராஞ்ச் பைலட். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு விட்டு ஆழத்தைக் கூவிச் சொல்லும் வேலையில் சேர்ந்த பையன், பெரிய கப்பலை நடத்தும் தகுதி பெற வருடக்கணக்கில் ஆகும். இன்றும் உலகம் முழுக்க முறை அதேதான்: சின்னக் கப்பலில் தொடங்கி, நீளமும் டிராஃப்டும் கூடக்கூட அடுத்த படி. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003-இல் கொண்டுவந்த ஏ.960 தீர்மானமும் பைலட் பயிற்சிக்கு, அந்தந்த இடத்தில் அனுபவமுள்ள பைலட்டின் மேற்பார்வையில் செய்யும் பயணங்களைத்தான் அடிப்படையாக வைக்கிறது.

பரீட்சையும் உண்டு, லேசானதும் இல்லை. இந்தியப் பெரிய துறைமுகங்களின் விதிகளில் பாடத்திட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இரண்டு இடங்களுக்கு இடையே திசையும் தூரமும், ஏற்ற இறக்கத்தின் உயரமும் ஓட்டமும், ஆழமும் அடியில் இருப்பது மணலா சேறா என்பதும், பாறை, திட்டு, மிதவை, விளக்கு, நங்கூரமிடும் இடங்கள், கப்பலைக் கையாளுதல். டெபுடி கன்சர்வேட்டர் (துறைமுகத்தின் கடல்சார் பிரிவுத் தலைவர்) தலைமையிலான குழு முன் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பைலட் உரிமத்துக்கு, அந்த வழியில் 12 முதல் 20 வரை போய்வரும் பயணங்கள் வேண்டும். பிறகு வெள்ளைத் தாளில் அந்த ஆற்றின் வரைபடத்தை நினைவிலிருந்தே வரைந்து காட்ட வேண்டும், மிதவையும் பாலமும் ஆழமும் குறித்து. இந்த வரைபடப் பரீட்சை ஒன்றில்தான் ஆள் பார்த்து மதிப்பெண் போட முடியாது. மிதவை இருக்கிற இடத்தில் இருக்கும், அல்லது இருக்காது.

நியாயம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தப் பரீட்சையையே சுற்றி வரும். பிரச்சினை அதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது. நாமக்கல்லில் லாரி டிரைவர் ஆனவர்களில் பலர் கிளீனராக ஏறியவர்கள்; அந்தக் கிளீனர் சீட்டில் யாரை ஏற்றுவது என்று முடிவு செய்தது டிரைவரோ வண்டிக்காரரோ. ஆர்.டி.ஓ. பரீட்சை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், சீட்டே கிடைக்காதவன் அந்தப் பரீட்சைவரை வரமாட்டான். ஆற்று பைலட் விஷயமும் இதுதான். பயணம் செய்யாமல் பரீட்சை எழுத முடியாது. ஏற்கனவே பைலட்டாக இருப்பவர் ஏற்றிக்கொள்ளாமல் பயணம் செய்ய முடியாது.

இதை நேருக்கு நேர் கேட்ட வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றுப் பைலட் ஆக, பணியில் உள்ள பைலட்டின் கீழ் ஆறு மாதம் அப்ரென்டிஸாக இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். அப்ரென்டிஸைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பைலட்டுகளே. அவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தபந்தத்தையும் நண்பர்களையும் மட்டுமே எடுத்தார்கள். ஆற்றிலும் துறைமுகத்திலும் குறைந்தது 15 ஆண்டு அனுபவமும் மற்ற எல்லாத் தகுதியும் இருந்தும் இந்த ஆறு மாதம் கிடைக்காதவர்கள் வழக்குப் போட்டார்கள். காட்ச் வழக்கு என்று அறியப்படும் அது 1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று முடிந்தது. பைலட்டுகளின் பக்கம்தான் தீர்ப்பு.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹ்யூகோ பிளாக் சொன்ன காரணம் கேட்பதற்கு நம் ஊர்ப் பேச்சுப் போலவே இருக்கும்: பைலட் வேலை தனித்தன்மை உள்ளது; ஆற்றங்கரையிலேயே வளர்ந்து, குடும்பத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய பையனுக்கு அந்த நீர் நன்றாகத் தெரியும்; ஒருவரையொருவர் நம்பி வேலை செய்யும் கூட்டத்தில் உறவும் அண்டை வீட்டுப் பழக்கமும் பாதுகாப்புக்கு உதவலாம். மாறுபட்ட நீதிபதி ரட்லெட்ஜின் வாதம், இங்கே ரத்த உறவே தேர்வின் மையமாகிவிட்டது. எவ்வளவு திறமை இருந்தாலும் உறவில்லாதவனுக்குக் கதவு மூடியிருக்கிறது என்பது.

பிளாக் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பரிசல்காரர் மகன் பத்து வயதிலேயே எந்த மடுவில் சுழி இருக்கிறது, எத்தனை தண்ணீர் வந்தால் எந்தப் பாறை மறையும் என்று தெரிந்து வைத்திருப்பான். ஆனால் அது அந்தப் பையனைத் தேர்வில் முந்த வைக்கும் காரணமாக இருக்கலாமே தவிர, மற்றவனைத் தேர்வுக்கே வரவிடாமல் தடுக்கும் காரணம் ஆகாது. உண்மையிலேயே அவனுக்கு அதிகம் தெரியும் என்றால் வெள்ளைத்தாள் வரைபடத்தில் அது தெரிந்துவிடும்.

பணக்கணக்கும் இதில் உண்டு. லூசியானா பைலட்டுகள் யாருடைய சம்பளக்காரர்களும் அல்லர். சங்கமாகச் சேர்ந்து கட்டணத்தைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். ஆண்டு வருமானம் பல லட்சம் டாலர். பைலட்டுகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஆளுக்கு வரும் பங்கு கூடும். எத்தனை அப்ரென்டிஸ் வேண்டும், யார் என்பதை அந்தப் பங்குதாரர்களே தீர்மானிக்கும்போது, எவ்வளவு நல்ல மனிதர்களாக இருந்தாலும், முடிவு ஒரு பக்கமாகத்தான் சாயும். கப்பல் வரத்துக் கணக்கை வைத்து இடங்களின் எண்ணிக்கையை வெளியார் குழு முடிவு செய்தால் இந்த நோயில் பாதி போய்விடும்.

அமெரிக்காவிலேயே வேறு மாநிலங்கள் வேறு வழி பிடித்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் டெபுடி பைலட் இடத்துக்கு மாநில அரசு எழுத்துத் தேர்வு நடத்துகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் எழுத்துத் தேர்வோடு, கப்பல் ஓட்டுவதைத் திரையில் போலச் செய்து காட்டும் சிமுலேட்டர் தேர்வும் உண்டு. சிமுலேட்டரின் பலன், எல்லோருக்கும் அதே கப்பல், அதே காற்று, அதே நீரோட்டம் கொடுக்க முடிவது. ஓட்டம் பதிவாவதால், குறைந்த மதிப்பெண் வாங்கியவர் எந்த நிமிடத்தில் தவறினார் என்று திரும்பப் பார்க்க முடிவது. பலவீனமும் உண்டு. வெளியூர்க்காரருக்குக் கொடுக்கும் பொதுச் சூழலில் கப்பல் கையாளும் கை தெரியும், அந்த ஆற்று அறிவு தெரியாது. அதனால் சிமுலேட்டர் ஆளைப் பயிற்சிக்கு எடுக்கப் பொருத்தமானது. உரிமம் கொடுக்க ஆற்றுப் பயணங்கள்தான் வேண்டும்.

ஒருமுறை தேர்ந்தெடுத்ததோடு விஷயம் முடிவதுமில்லை. 2007 நவம்பர் 7-ஆம் தேதி பனிமூட்டத்தில் கோஸ்கோ பூசான் என்ற கப்பல் சான்பிரான்சிஸ்கோ பாலத்தின் தூண் காப்பில் மோதி, இரண்டு லட்சம் லிட்டர் அளவுக்கு எரிபொருள் எண்ணெய் கொட்டியது. பைலட் உட்கொண்ட மருந்துகளால் அவருடைய அறிவுக்கூர்மை மங்கியிருந்ததையும், அவருடைய உடல்நிலைத் தகவல் கையில் இருந்தும் மேற்பார்வை சரியாக நடக்காததையும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகச் சுட்டியது. உள்ளே வந்துவிட்டவரை மறுபடி சோதிக்கத் தயங்குவது, வெளியே இருப்பவரை உள்ளே விடத் தயங்குவதின் மறுபக்கம். இரண்டிலும் சங்கத்துப் பாசம்தான் வேலை செய்கிறது.

இந்தியாவில் பெரிய துறைமுகங்களில் பைலட் சம்பள அதிகாரி. ஆள் கூடினால் வருமானம் குறையும் என்ற பயம் இல்லாததால் லூசியானா நோய் இங்கே அப்படியே இல்லை. விளம்பரம் வரும், நிரந்தரப் பணிக்கு இட ஒதுக்கீடு உண்டு. பெரும்பாலான துறைமுகங்கள் கேட்பது மாஸ்டர் (வெளிநாட்டுப் பயணம்) சான்றிதழ், அதாவது கேப்டன் ஆகும் தகுதி. கொல்கத்தா மட்டும், ஆறு நீளமானது என்பதால், இளம் வயதிலேயே பயிற்சிப் பைலட்டாக எடுத்துப் பல ஆண்டு வளர்க்கும் வழக்கத்தை வைத்திருந்தது. சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோஃபர் 2011-இல் அப்படிச் சேர்ந்து, 2018-இல் ஹூக்ளியில் தகுதி பெற்று, இந்தியாவின் முதல் பெண் ஆற்றுப் பைலட் ஆனார். 2019-இல் நாரி சக்தி விருது பெற்றார். அந்த இடம் ஒரு சங்கத்தின் கையில் இல்லாமல் விளம்பரத்தின் வழியாக வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்தபந்தத்தில் மட்டும் ஆள் எடுக்கும் ஆற்றில், முதல் பெண் யாராவது ஒரு பைலட்டின் மகளாகத்தான் இருந்திருப்பார்.

இங்கே உள்ள ஓட்டைகள் வேறு. முதலாவது, நேர்காணல் மட்டுமே வைத்து முடிவு செய்வது. இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட வகைக் கப்பலில் இத்தனை மாதம் என்று, ஏற்கனவே மனதில் இருக்கும் ஆளுக்கு அளவெடுத்தது போல் அனுபவ நிபந்தனை எழுதுவது. மூன்றாவது, நிரந்தர இடத்தை நிரப்பாமல் ஒப்பந்தப் பைலட்டுகளையோ தனியார் நிறுவனம் வழியாகவோ எடுப்பது. நிறுவனம் வழியாக வரும்போது இட ஒதுக்கீடும் இல்லை, தேர்வுப் பட்டியலும் வெளியே தெரியாது.

நம்ம பக்கத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வாசல் பத்து வருடம் முன்னாலேயே வருகிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சேர்த்து 60 விழுக்காடு, ஆங்கிலத்தில் 50 விழுக்காடு. ஐ.எம்.யூ. (இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம்) பொது நுழைவுத் தேர்வு: 200 கேள்வி, மூன்று மணி நேரம். அதன்பின் ஓராண்டு டி.என்.எஸ். (நாட்டிக்கல் சயின்ஸ் டிப்ளமோ) படித்து 18 மாதம் கப்பலில் கேடட், அதாவது பயிற்சி அதிகாரி, அல்லது மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிக்கல் சயின்ஸ் முடித்து 12 மாதம் கேடட். அப்புறம் செகண்ட் மேட், ஃபர்ஸ்ட் மேட், மாஸ்டர் தேர்வுகள், இடையிடையே கடல் சேவை. கப்பலை நடத்தும் டெக் பிரிவுக்கு நிறக்குருடு இருந்தால் வழியே இல்லை. அதனால் நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே, டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் கண் சோதனை செய்துகொள்வது நல்லது. கோச்சிங் முடித்து, ரேங்க் வாங்கி, கடைசியில் மருத்துவத்தில் விழுந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதில் டி.என்.எஸ். வழிக்குப் பெரும்பாலும் ஒரு கப்பல் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் வேண்டும். பி.எஸ்சி. வழியில் போனால் படித்து முடித்தபின் கேடட் பெர்த், அதாவது கப்பலில் பயிற்சி இடம், கிடைக்க வேண்டும். லூசியானாவின் ஆறு மாத அப்ரென்டிஸ் இடத்துக்கு இங்கே நிகரானது இந்த கேடட் பெர்த்தான்: அது இல்லாமல் எந்தச் சான்றிதழ்த் தேர்வும் எழுத முடியாது. ஏஜெண்டுகள் விற்பதும் இதைத்தான். காட்டை விற்று, நகையை வைத்துப் பல லட்சம் கொடுத்தபின் கப்பலும் வராமல் ஆளும் கிடைக்காமல் போன குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. கப்பலில் ஏற்றிவிடுவதற்காக மாலுமியிடம் பணம் வாங்குவது சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தப்படியும் இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படியும் தவறு. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற, மாலுமிகளைப் பணியமர்த்தும் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே திரிகிற ஆளிடம் பணம் கொடுப்பது, உரிமம் இல்லாதவனிடம் கொடுப்பதற்குச் சமம்தான். பணம் கேட்பதே தவறு என்றாலும், அதை நிறுவனத்தின் கணக்கில் கட்டச் சொல்கிறாரா, அவர் சொந்தக் கணக்கிலா என்று கேட்டாலே பாதி வெளுத்துவிடும்.

நம் ஆற்றிலும் தேர்வு நடக்கிறது, வேறு விதமாக. பல பரிசல் துறைகளை உள்ளாட்சி ஏலம் விடுகிறது. அதிகம் கேட்டவருக்குக் குத்தகை. துடுப்பு பிடிப்பவரை அவர் வைத்துக்கொள்வார். உறவுக்குப் பதில் பணம் வாசலில் நிற்கிறது, திறமையை யாரும் கேட்கவில்லை. ஏலம் எடுத்த தொகையை மீட்க ஒரு நடைக்கு எத்தனை பேரை ஏற்றுவது என்பதைக் குத்தகைக்காரர் முடிவு செய்வார். துடுப்பு பிடிப்பவர் ஆள் அதிகம் என்றால் மறுக்கும் நிலையில் இருக்க மாட்டார். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்குப் பதிவும் ஓட்டுநர்களுக்குத் தகுதிச் சான்றும் கேட்கிறது. பரிசலுக்கு இயந்திரமே இல்லை. குத்தகை நிபந்தனையில் ஏற்றும் ஆட்களின் உச்ச எண்ணிக்கையோடு, ஓட்டுபவரின் பெயரையும் அவர் அந்தத் துறையில் ஓட்டிக் காட்டிய சோதனையையும் சேர்க்க ஊராட்சிக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

பெரிய துறைமுகத்தின் பைலட் தேர்வில் தோற்றவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. துறைமுக ஆணையம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது; விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். கேட்பதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். என்னை ஏன் எடுக்கவில்லை என்று எழுதினால் அது தகவல் இல்லை என்று திருப்பி விடுவார்கள். விளம்பரத்துக்கு முன் அங்கீகரித்த தேர்வு அளவுகோலின் நகல், நேர்காணலுக்கு எத்தனை மதிப்பெண் என்று நிர்ணயித்த கோப்புக் குறிப்பு, தன் மதிப்பெண், பிரிவு வாரியாகக் கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண், அனுபவ நிபந்தனை முந்தைய விளம்பரத்திலிருந்து மாறியிருந்தால் அதற்கான ஒப்புதல் உத்தரவு: இவற்றைத் தனித்தனி வரியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அளவுகோலின் தேதி நேர்காணல் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், வழக்கறிஞரிடம் முதலில் காட்ட வேண்டிய தாள் அதுதான்.